மறதியுள்ள சேவையகமும் பாதி வரலாறும்: ஷாலோ குளோனை எச்.ரி.ரி.பி. ஊடாகச் சோதித்தல்

2022 மார்ச் மாத இறுதியில், இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்த நாட்களில், நான் வெள்ளவத்தையில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். மடிக்கணினியின் பற்றரி மூன்று மணி நேரம் தாங்கும். ரூட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். இருந்தது. ஆனால் மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில் அயலிலுள்ள கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிட்டால், இணைப்பு முதலில் மெலிந்து பிறகு அறுந்துபோகும். அப்படியான ஒரு நாளில் லினக்ஸ் கருநிரலின் களஞ்சியத்தை, நிரல்களின் மாற்ற வரலாற்றைப் பேணும் கிட் என்ற கருவியால் முழுதாக இறக்க முயன்று, ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் வரவேண்டிய தரவில் பெரும்பகுதி வந்தபின் இணைப்பு அறுந்ததால், மறுபடி தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. கிட் குளோன், அதாவது களஞ்சியத்தை நகலெடுக்கும் வேலை, விட்ட இடத்திலிருந்து தொடராது என்பது அன்றுவரை எனக்கு ஒரு தகவலாக மட்டுமே தெரிந்திருந்தது. மூன்றாவது முறையும் அறுந்தபோதுதான் அதன் கனம் புரிந்தது.

அதற்குப் பிறகு நான் எடுத்த வழி, இந்நாட்டில் இணைய வசதி குறைந்த இடங்களில் வேலை செய்யும் பலரும் எடுக்கும் வழிதான்: டெப்த், அதாவது ஆழம், 1 என்று கொடுத்து நுனியிலுள்ள ஒரேயொரு கமிட்டை (கடைசி மாற்றப் பதிவை) மட்டும் இறக்குவது, பின்னர் இணைப்பு நன்றாக இருக்கும் வேளைகளில் ஐம்பது, நூறு என்று படிப்படியாக ஆழப்படுத்திக்கொண்டு போவது. எங்கள் அலுவலகப் பேச்சில் ஷாலோ குளோன் என்று சொல்லப்படும் இந்த ஆழங்குறைந்த நகல், கிணற்றில் முதலில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு மிச்சத்தைப் பிறகு அள்ளலாம் என்று வைப்பதைப் போன்றது. அதில் சிக்கல் எங்கே வரும் என்று கேட்டால், பெரும்பாலானோர் முதல் வாளியைத்தான் கவனிப்பார்கள். எனது அனுபவத்தில் முதல் வாளி அநேகமாகப் பிழைக்காது. இரண்டாவது வாளியை அள்ளப் போகும்போது, அதுவும் இணையத்தளங்கள் பயன்படுத்தும் எச்.ரி.ரி.பி. நெறிமுறை ஊடாகப் போகும்போதுதான் கயிறு சிக்கும். ஆகவே முதல் குளோன் சரியாக வந்ததா என்று மட்டும் பார்க்கும் சோதனை, பச்சை நிறத்தில் தேறினாலும், சோதிக்க வேண்டியதைத் தொடவில்லை. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிட் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கப்பட்டது. ஆழங்குறைந்த நகலெடுக்கும் வசதி, 2007 பெப்ரவரியில் வந்த 1.5.0 பதிப்பில் சேர்ந்தது. அதன் உள்ளமைப்பு எளிமையானது. ஒவ்வொரு கமிட்டும் தன் பெற்றோர் யார் என்பதைத் தன்னுள்ளேயே எழுதிவைத்திருக்கிறது. அந்தப் பெற்றோர் நம்மிடம் இல்லையென்றால் களஞ்சியம் சிதைந்துவிட்டதாகவே கிட் கருதும். ஆழங்குறைந்த நகலில் பெற்றோர் இல்லாமல் இருப்பது சிதைவு அல்ல, நாமே கேட்டுக்கொண்ட வெட்டு என்பதைச் சொல்ல, டொட்கிட் அடைவுக்குள் ஷாலோ என்ற பெயரில் ஒரு சிறு உரைக்கோப்பு வைக்கப்படுகிறது. வெட்டப்பட்ட எல்லையிலுள்ள கமிட்டுகளின் அடையாள எண்கள் அதில் வரிக்கு ஒன்றாக இருக்கும். அந்த எண்களுக்குரிய கமிட்டுகளைச் சந்திக்கும்போதெல்லாம், இவற்றுக்குப் பெற்றோரே கிடையாது என்பதாக கிட் நடந்துகொள்ளும். அந்தக் கோப்பை அழித்துவிட்டு அடுத்த கட்டளையை இட்டால் என்ன நடக்கும் என்று ஒருமுறை வேறொரு பிரதியில் செய்து பாருங்கள். களஞ்சியம் முழுவதும் உடைந்துவிட்டதாகக் கிட் அலறும். அவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமப்பது அவ்வளவு சிறிய கோப்பு.

ஆழம் என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. டெப்த் 5 என்றால் ஐந்து கமிட்டுகள் வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். நுனியிலிருந்து ஒவ்வொரு பெற்றோர் வழியாகவும் ஐந்து படிகள் இறங்குவதே அதன் பொருள். இடையில் கிளைகள் இணைக்கப்பட்ட கமிட் ஒன்று இருந்தால் இரண்டு பாதைகளிலும் இறங்கவேண்டியிருப்பதால், வந்து சேரும் கமிட்டுகள் ஐந்தைவிட அதிகமாகலாம். நேர்கோட்டு வரலாற்றை மட்டும் வைத்து எழுதப்பட்ட சோதனை இதை ஒருபோதும் கண்டுபிடிக்காது.

எங்கள் நிறுவனம் தன் களஞ்சியங்களைச் சொந்தச் சேவையகத்தில் வைத்திருக்கிறது. அதன் முன்னால், வேண்டுகோள்களை வாங்கிக் கடத்தும் ஒரு ப்ரொக்சி நிற்கிறது, தானியங்கிக் கட்டுமான இயந்திரங்கள் எல்லாம் அந்த ப்ரொக்சியின் ஊடாகவே ஆழங்குறைந்த நகல்களை எடுக்கின்றன. சேவையகத்தின் பதிப்பை மாற்றவேண்டி வந்தபோது, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு சோதனைத் தொகுதி எழுதும் வேலை, யாழ்ப்பாணத்திலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் நாளே அவர் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணா, டெப்த் ஒண்டு எண்டுதான் குடுத்தனான். ஆனா முழு வரலாறும் வந்திட்டுது."

"எங்கயிருந்து குளோன் பண்ணினீர்?"

"பக்கத்து ஃபோல்டர்ல இருந்துதான். சேர்வர் ஏன் எண்டு விட்டுட்டன்."

இதுவே முதல் பொறி. ஒரே வட்டிலுள்ள அடைவின் பாதையை நேரடியாகக் கொடுத்தால், கிட் வலையமைப்பு நெறிமுறையைத் தொடுவதே இல்லை. பொருள்களை அப்படியே நகலெடுத்து அல்லது இணைப்பிட்டு வைத்துவிடும். டெப்த் என்ற விருப்பம் அங்கே புறக்கணிக்கப்படும். அதற்காக ஓர் எச்சரிக்கை வரி அச்சாகும், ஆனால் சோதனைகளின் வெளியீட்டு வெள்ளத்தில் எச்சரிக்கை வரியை யார் பார்க்கிறார்கள்? முகவரியை ஃபைல் என்ற முன்னொட்டுடன் கொடுத்தாலோ, நோ-லோக்கல் என்ற விருப்பத்தைச் சேர்த்தாலோ, உண்மையான உரையாடல் நடக்கும். ஆனாலும் அது எச்.ரி.ரி.பி. உரையாடல் அல்ல. இந்த வேறுபாடே முழு விடயத்துக்கும் மையமானது என்பதால் இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும்.

எஸ்.எஸ்.எச். என்ற தொலை இணைப்பு ஊடாக ஃபெட்ச் செய்யும்போது, அதாவது கையிலுள்ள நகலுக்கு இல்லாதவற்றை இறக்கும்போது, மறுமுனையில் ஒரு செயல்முறை தொடங்கி, உரையாடல் முடியும்வரை உயிரோடு இருக்கிறது. நீங்கள் முதலில் சொன்னது அதற்கு நினைவிருக்கும். எச்.ரி.ரி.பி. அப்படியல்ல. 2009 டிசம்பரில் வந்த 1.6.6 பதிப்புடன் கிட்டுக்குக் கிடைத்த ஸ்மார்ட் எச்.ரி.ரி.பி. முறையில், பயனர் பக்கம் முதலில் ஒரு கெட் வேண்டுகோளால் கிளைகளின் பட்டியலைப் பெறுகிறது. அதன்பின் ஒன்றோ பலவோ போஸ்ட் வேண்டுகோள்களால், எனக்கு இது வேண்டும், என்னிடம் இவையெல்லாம் இருக்கின்றன, என் வரலாறு இந்த இடங்களில் வெட்டப்பட்டிருக்கிறது, இவ்வளவு ஆழம் வேண்டும் என்று கூறுகிறது. ஒவ்வொரு போஸ்ட் வேண்டுகோளுக்கும் சேவையகத்தில் புதிதாக ஒரு செயல்முறை பிறந்து, பதில் சொல்லிவிட்டு மடிகிறது. முன்னைய சுற்றில் என்ன பேசப்பட்டது என்று அடுத்த செயல்முறைக்குத் தெரியாது. ஓர் அலுவலகத்தில் கருமபீடத்துக்குக் கருமபீடம் மாறிப்போய், ஒவ்வொரு இடத்திலும் கோப்பை முதல் பக்கத்திலிருந்து திறந்து காட்டி, நடந்ததை எல்லாம் மறுபடி சொல்லும் அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஸ்மார்ட் எச்.ரி.ரி.பி. அதே ஏற்பாடுதான். இதற்கும் முன்பிருந்த டம்ப் எச்.ரி.ரி.பி. முறையில் சேவையகம் வெறும் கோப்புகளை மட்டுமே தருவதால், அங்கே ஆழங்குறைந்த நகல் கிடையவே கிடையாது. கேட்டால் அந்தப் போக்குவரத்து முறையில் இந்த வசதி இல்லை என்று கிட் நின்றுவிடும்.

சாதாரண ஃபெட்ச்சில் இந்த மறதி பெரிய தொல்லை இல்லை, ஏனெனில் வேண்டியது, இருப்பது என்ற இரண்டு பட்டியல்களையும் ஒவ்வொரு முறையும் மீண்டும் அனுப்பினால் போதும். ஆழங்குறைந்த களஞ்சியத்தில் இதற்கு மேல் ஒரு நிலைமை சேர்கிறது. வெட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பயனர் பக்கம் சொல்லவேண்டும். புதிய வெட்டு எங்கே விழும் என்பதைச் சேவையகம் பதிலின் தொடக்கத்தில் சொல்லவேண்டும். இந்தப் பேச்சு பேக்கட்-லைன் எனப்படும் வடிவில் நடக்கிறது: ஒவ்வொரு வரிக்கும் முன்னால், தன்னையும் சேர்த்த மொத்த நீளத்தைப் பதினாறடிமானத்தில் நான்கு இலக்கங்களாக எழுதுவார்கள். ஷாலோ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 7 எழுத்து, ஓர் இடைவெளி, 40 இலக்க அடையாள எண், நீளத்துக்கான 4 இலக்கம் எல்லாம் சேர்த்தால் 52. பதினாறடிமானத்தில் அது 0034. ஆகவே புதிய எல்லையைச் சொல்லும் ஒவ்வொரு வரியும் 0034 என்று தொடங்கும். முன்பிருந்த எல்லை இனி எல்லையல்ல என்று சொல்லும் அன்ஷாலோ வரியில் இரண்டு எழுத்துகள் கூடுவதால் அது 0036 என்று தொடங்கும். பட்டியல் முடிந்தது என்பதற்கு 0000. இந்த இலக்கங்களைக் கண்ணால் பார்த்துப் பழகியவருக்கு, கோளாறு வரும் இடத்தை, உரையாடலைப் பதியும் தடக்குறிப்பில் ஒரே பார்வையில் பிடிக்கமுடியும். என் கருத்தில், இந்தத் துறைக்குள் வரும் இளையவர்களுக்கு முதலில் காட்டவேண்டியது கட்டளைகளை அல்ல, இந்த வரிகளைத்தான்.

சேவையகத்துக்கு மறதி என்பதால், தான் அனுப்பும் எல்லை வரிகள் எந்தச் சுற்றில் பயன்படும் என்று அதற்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு பதிலின் தொடக்கத்திலும் அவற்றை அனுப்பிவிடும். பயனர் பக்கம் முதல் பதிலில் வந்தவற்றை வைத்துக்கொண்டு, பின்னர் வருபவற்றை வாசித்து எறிந்துவிடும். ஒவ்வொரு கருமபீடத்திலும் அதே துண்டை மீண்டும் தருகிறார்கள், நாமும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் யாருக்கும் நட்டமில்லை, இரு தரப்பும் சுற்றுகளின் எண்ணிக்கையில் ஒத்துப்போகும்வரை.

2011இல் சுற்றுகளைக் குறைப்பதற்காக நோ-டன் என்ற திறன் சேர்க்கப்பட்டது. அதற்கு முன், எந்தக் கமிட்டுகள் இரு பக்கமும் இருக்கின்றன என்று தேடும் பேரம் முடிந்து பொதுவான இடம் கண்டுபிடிக்கப்பட்டதும், சேவையகம் தயார் என்று ஓர் ஒப்புதல் வரியை அனுப்பிவிட்டு அந்தப் பதிலை முடித்துக்கொள்ளும். பயனர் பக்கம் டன், அதாவது முடிந்தது, என்று சொல்ல இன்னொரு போஸ்ட் வேண்டுகோள் அனுப்பும். அதற்கான பதிலின் தொடக்கத்தில் எல்லை வரிகள் மீண்டும் வர, பின்னர் இறுதி ஒப்புதலும், கேட்ட கமிட்டுகளைச் சுமந்த பொதியும் வரும். நோ-டன் இருந்தால் அந்தக் கடைசிப் பயணம் வெட்டப்படுகிறது: தயார் என்ற வரி, இறுதி ஒப்புதல், பொதி எல்லாம் ஒரே பதிலில் அடுத்தடுத்து வந்துவிடும். கொழும்பிலிருந்து கடல் கடந்து சேவையகத்தைத் தொடுபவருக்கு ஒரு பயணம் மிச்சமாவது சிறிய சலுகை அல்ல.

ஆனால் பயனர் பக்க நிரலில் ஓர் இடம் இந்த மாற்றத்துக்கு இசைவாகத் திருத்தப்படாமல் இருந்தது. தயார் என்ற வரியைக் கண்டதும் இனி டன் அனுப்பவேண்டியதில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது. அடுத்து வருவது புதிய பதில் ஒன்றின் தொடக்கம் அல்ல, ஆகவே எல்லை வரிகள் வரமாட்டா என்பது தெரிந்திருக்கவில்லை. அது 0034ஐ எதிர்பார்த்துக் காத்திருந்தது. வந்ததோ ஒப்புதல் வரி. எல்லைப் பட்டியலை எதிர்பார்த்தேன் என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தியை அச்சிட்டுவிட்டு நிரல் மடிந்தது. 2014இன் தொடக்கத்தில், 1.9 பதிப்பு வந்த காலத்தை ஒட்டி, இது திருத்தப்பட்டது. திருத்தம் ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதுதான்: நோ-டன் நடைமுறையில் இருந்தால் எல்லை வரிகளை வாசிக்கப் போகாதே.

இந்த வழு ஏன் உடனே எல்லோருக்கும் தெரியவில்லை என்பதே சோதனை எழுதுபவருக்குப் பயன்படும் கேள்வி. அது வெளிப்பட ஒரே நேரத்தில் மூன்று நிலைமைகள் வேண்டும். போக்குவரத்து ஸ்மார்ட் எச்.ரி.ரி.பி. ஆக இருக்கவேண்டும். ஃபெட்ச் ஆழத்தை மாற்றுவதாக இருக்கவேண்டும். பேரம் முதற்சுற்றுடன் முடியாமல் நீளவேண்டும். முதல் குளோனில் நம்மிடம் எதுவுமே இல்லாததால் பேரமே இல்லை. சிறிய களஞ்சியத்தில் பேரம் ஒரே மூச்சில் முடிந்துவிடும், ஏனெனில் என்னிடம் இவை இருக்கின்றன என்று சொல்லும் ஹேவ் வரிகளைப் பயனர் பக்கம் முதற்தடவையில் 16 வரை சேர்த்தே அனுப்புகிறது. பதினாறுக்குள் கையிருப்பு தீர்ந்துவிட்டால் அதே வேண்டுகோளின் அடியில் டன் என்பதையும் எழுதிவிடும். மேசையில் உட்கார்ந்து நாலைந்து கமிட்டுகளுடன் ஒரு பொம்மைக் களஞ்சியம் செய்து சோதிப்பவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆயிரக்கணக்கான கமிட்டுகளுடன் வேலை செய்பவருக்குத்தான் உடையும்.

கிட் திட்டத்தின் மூலநிரலுடன் வரும் சோதனைத் தொகுதியில் 5539 என்ற எண்ணைத் தாங்கிய கோப்பு, எச்.ரி.ரி.பி. ஊடான ஆழங்குறைந்த ஃபெட்ச்சுக்கென்றே எழுதப்பட்டது. அதை ஒரு பாடநூல் போல வாசிக்கலாம். முதலில் ஏழு கமிட்டுகள் கொண்ட களஞ்சியத்திலிருந்து ஆழம் 5 உடைய நகல் ஒன்று எடுக்கப்படுகிறது. அதன் பதிவேடு, அதாவது கமிட்டுகளின் பட்டியல், 7, 6, 5, 4, 3 என்று வரவேண்டும். பின்னர் அந்த வெட்டுப்பட்ட நகலே சேவையகத்தில் வைக்கப்பட்டு, அங்கிருந்து எச்.ரி.ரி.பி. ஊடாக இன்னொரு நகல் எடுக்கப்படுகிறது. அதாவது மூலக் களஞ்சியமே ஆழங்குறைந்ததாக இருந்தால் என்ன ஆகும் என்பதும் இங்கே சோதிக்கப்படுகிறது, இது 1.9 பதிப்புக்கு முன் இயலாத காரியம். நகல் வந்தபின் எஃப்.எஸ்.சி.கே. கட்டளையால் பொருள்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள், பிறகே பதிவேட்டை ஒப்பிடுகிறார்கள். பதிவேடு சரியாக இருந்தும் உள்ளே ஓட்டை இருக்கமுடியும் என்பதால் இந்த வரிசை முக்கியமானது.

மேலே சொன்ன வழுவுக்கான சோதனை அதற்குப் பின் வருகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத, பெற்றோரற்ற 15 கிளைகளை அது உருவாக்கி, சேவையகத்துக்கும் பயனர் நகலுக்கும் இரண்டு பக்கமும் அனுப்புகிறது. ஒரே கிளையில் 15 கமிட்டுகள் வைத்தால் என்ன என்று கேட்கலாம். அப்படி வைத்தால் நுனி பொதுவானது என்று தெரிந்தவுடன் அதன் முன்னோர் எல்லாம் பொதுவானவை என்று கிட் முடிவுசெய்து, அவற்றைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடும். உறவில்லாத கிளைகளென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சொல்லியாகவேண்டும். பிறகு பயனர் பக்கம் ஆழம் 2 என்று ஃபெட்ச் செய்கிறது. அப்போது பேசப்படும் ஒவ்வொரு வரியும் தடக்கோப்பு ஒன்றில் பதிவாகிறது. இறுதியில் அந்தக் கோப்பில் இரண்டு விடயங்கள் தேடப்படுகின்றன: தயார் என்ற ஒப்புதல் வரி இருக்கவேண்டும், டன் என்று பயனர் பக்கம் அனுப்பிய வரி இருக்கக்கூடாது. ஃபெட்ச் வெற்றியடைந்ததா என்று மட்டும் பார்த்திருந்தால், நாளை யாராவது பேர முறையைச் சற்று மாற்றி, உரையாடல் இந்தக் குறுகிய ஒழுங்கையின் ஊடாகப் போகாமல் பெருந்தெருவால் போய்விட்டாலும் சோதனை தேறிக்கொண்டே இருக்கும். தான் சோதிக்க வந்த பாதையிலேயே நடந்தோம் என்பதற்கு அந்த இரண்டு தேடல்களும் சாட்சி.

எங்கள் பயிற்சியாளர் இந்தச் சோதனைகளை அலுவலகத்தில் ஓட்டியபோது மிக விரைவாகவும் பிழையின்றியும் முடிந்துவிட்டன. அவ்வளவு விரைவு எனக்குச் சந்தேகமாக இருந்தது. வெளியீட்டை மேலே உருட்டிப் பார்த்தபோது, எச்.ரி.ரி.பி. சோதனைகள் எவையும் ஓடவே இல்லை, எல்லாம் தவிர்க்கப்பட்டிருந்தன. இந்தச் சோதனைகள் உண்மையான அப்பாச்சி சேவையகம் ஒன்றைத் தற்காலிகமாக எழுப்பி, அதன் பின்னால், வேண்டுகோளுக்குப் பதில் தயாரிக்கும் கிட்டின் சி.ஜி.ஐ. நிரலை வைத்து ஓடுகின்றன. சேவையகம் கேட்கும் துறை (போர்ட்) எண்ணாகச் சோதனையின் எண்ணையே எடுத்துக்கொள்வதால், ஒரே நேரத்தில் பல சோதனைகள் ஓடினாலும் மோதுவதில்லை. அழகான சிக்கனம். ஆனால் அப்பாச்சி நிறுவப்படாவிட்டாலோ, சோதனை எல்லா உரிமைகளும் கொண்ட ரூட் பயனராக ஓடினாலோ, அவை சத்தமில்லாமல் தம்மைத் தவிர்த்துக்கொள்ளும். எங்கள் டொக்கர் கொன்டெய்னரில் எல்லாமே ரூட்டாக ஓடின. சூழல் மாறி ஒன்றை வைத்து, எச்.ரி.ரி.பி. சோதனைகள் கட்டாயம் என்று அறிவித்துவிட்டால், தவிர்ப்பதற்குப் பதிலாகத் தோல்வி காட்டும். அன்றே அதை இட்டோம். தவிர்க்கப்பட்ட சோதனையும் தேறிய சோதனையும் ஒரே நிறத்தில் தெரியும் திரைகளை வடிவமைத்தவர்கள் மீது எனக்கு இன்னமும் மனத்தாங்கல் உண்டு.

இன்னொரு வகைக் கோளாறு, சேவையகம் தவறாகப் பேசினால் பயனர் பக்கம் என்ன செய்யும் என்பது. இது கற்பனை அல்ல. பெரிய தளங்களில் ஒரே முகவரிக்குப் பின்னால் பல இயந்திரங்கள் இருக்கும், ஒவ்வொரு வேண்டுகோளும் வேறொரு இயந்திரத்துக்குப் போகலாம், அவற்றின் களஞ்சியங்கள் ஒரு கணம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆழப்படுத்தும் ஃபெட்ச் ஒன்றில், இந்தக் கமிட் இனி எல்லையல்ல என்று சேவையகம் சொல்லிவிட்டு அதன் பெற்றோரை அனுப்பாமல் விட்டால், பயனர் பக்கம் தன் ஷாலோ கோப்பிலிருந்து அந்த எண்ணை நீக்கிவிடும். களஞ்சியம் உடைந்துவிடும். முன்பு ஷாலோ கோப்பை எழுதிய பின்னரே இணைப்புச் சரிபார்ப்பு நடந்தது, சரிபார்ப்பு தோற்றாலும் கோப்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2018இல் இந்த வரிசை மாற்றப்பட்டது: முதலில் எல்லாப் பொருள்களும் உண்மையாகவே இருக்கின்றனவா என்று பார்த்து, அதன் பின்னரே கோப்பு எழுதப்படும்.

இதற்கான சோதனையை எழுதியவரின் கைவண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒழுங்காக நடக்கும் சேவையகத்தை எப்படித் தவறிழைக்க வைப்பது? சோதனைத் தொகுதியின் அப்பாச்சி ஏற்பாட்டில், ஒரேயொரு பதிலை மட்டும் வழியில் மறித்து, அதில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு, பிறகு விலகிக்கொள்ளும் சிறு நிரல் ஒன்று இருக்கிறது. ஏற்கனவே உள்ளதைவிடக் குறைந்த ஆழத்துக்கு ஃபெட்ச் செய்தால் சேவையகம் புதிதாக எதையும் அனுப்பவேண்டியதில்லை, பொதி வெறுமையாக வரும், எல்லை வரி மட்டும் வரும். அந்த வரியில் 0034 என்பதை 0036 ஆக்கி, ஷாலோ என்பதை அன்ஷாலோ ஆக்கி, அடையாள எண்ணையும் பழைய எல்லையின் எண்ணாக மாற்றினால், இது இனி எல்லையல்ல என்ற பொய்யும் வெறும் பொதியும் ஒன்றாகப் பயனர் பக்கத்தைச் சென்றடையும். ஃபெட்ச் தோற்கவேண்டும். தோற்றபின் களஞ்சியம் எஃப்.எஸ்.சி.கே.யில் தேறவேண்டும். சோதனை எதிர்பார்ப்பது தோல்வியைத்தான், ஆனால் கௌரவமான தோல்வியை. மின்வெட்டு நாட்களில் என் அறையில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே என்பதால், இந்தச் சோதனையை வாசித்தபோது யாரோ என் பக்கமாக நின்று எழுதியது போல இருந்தது.

2018 ஜூனில் வந்த 2.18 பதிப்புடன் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு அறிமுகமானது. அது மறதியை ஒரு குறையாகப் பார்க்காமல், தொடக்கத்திலேயே அதை ஒப்புக்கொண்டு வடிவமைக்கப்பட்டது. பதில் பெயரிட்ட பகுதிகளாக வருகிறது: ஒப்புதல்களுக்கு ஒரு பகுதி, எல்லைத் தகவலுக்கு ஒரு பகுதி, பொதிக்கு ஒரு பகுதி. பேரம் முடியாத சுற்றில் ஒப்புதல் பகுதி மட்டுமே வரும். எல்லைத் தகவல் பொதிக்கு முன்னால் மட்டுமே வரும். அடுத்து வருவது எது என்று ஊகிக்க வேண்டிய இடமே இல்லாததால், 2014இல் திருத்தப்பட்ட வகை வழுவுக்கு இங்கே நிலம் குறைவு. 2020 மார்ச்சில் 2.26 பதிப்பில் இது முன்னிருப்பாக்கப்பட்டு, அடுத்த பதிப்பில் பின்வாங்கப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் மீண்டும் முன்னிருப்பாயிற்று.

அப்படியென்றால் பழைய நெறிமுறைக்கான சோதனைகளைக் கைவிடலாமா? எங்கள் ப்ரொக்சி அதற்குப் பதில் சொன்னது. இரண்டாம் பதிப்பு வேண்டும் என்பதைப் பயனர் பக்கம் ஒரு எச்.ரி.ரி.பி. தலைப்பு வரியாகவே சொல்கிறது. இடையிலுள்ள ப்ரொக்சி அறிமுகமில்லாத தலைப்புகளைக் கடத்தாமல் விட்டாலோ, சேவையகத்தின் அமைப்புக் கோப்பு அதைச் சூழல் மாறியாக சி.ஜி.ஐ. நிரலுக்குக் கையளிக்காவிட்டாலோ, உரையாடல் பழைய நெறிமுறைக்குத் தானாகவே இறங்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. புதிய நெறிமுறையில் வேலை செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டு நாங்கள் எத்தனையோ மாதங்கள் பழையதில் ஓடிக்கொண்டிருந்தோம் என்பது தடக்கோப்பைத் திறந்த அன்றுதான் தெரிந்தது. எனவே எங்கள் தொகுதியில் ஒவ்வொரு சோதனையும் இரண்டு நெறிமுறைகளிலும் ஓடுகிறது. ப்ரொக்சியின் ஊடாக ஒரு தடவையும், அதைத் தாண்டி நேரடியாக ஒரு தடவையும் ஓடுகிறது.

ஆழங்குறைந்த நகல் எப்போதும் சிக்கனமானது என்ற எண்ணத்தையும் இங்கே சற்றுத் திருத்தவேண்டும். இறக்குபவருக்கு மிச்சமாவது சேவையகத்தின் தலையில் விழலாம். 2020இன் இறுதியில், மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்புரூ திட்டம், தன் முதன்மைக் களஞ்சியங்களை ஆழங்குறைந்த நகல்களாக வைத்திருந்த பயனர்கள் அவற்றை முழுமையாக்கிக்கொண்டாலன்றிப் புதுப்பிக்க முடியாது என்று மாற்றியது. அத்தகைய நகல்களைப் புதுப்பிப்பது சேவையகத்துக்கு மிகச் செலவான வேலை என்பதால், அக்களஞ்சியங்களைத் தாங்கும் கிட்ஹப் தளம் விடுத்த வேண்டுகோளே அதற்குக் காரணம். ஒருமுறை எடுத்து வேலை முடிந்ததும் எறிந்துவிடும் கட்டுமான இயந்திரத்துக்கு ஆழம் 1 பொருத்தமானது. மாதக்கணக்கில் வைத்திருந்து நாள்தோறும் ஃபெட்ச் செய்யும் நகலுக்கு அல்ல.

சோதனைத் தொகுதியை முடித்துக் கையளிக்கும் வாரத்தில், பயிற்சியாளர் அதன் வேகத்தைக் கூட்ட முனைந்தார். பெற்றோரற்ற கிளைகளை உருவாக்கி இரு பக்கமும் அனுப்பும் பகுதியே அதிக நேரம் எடுப்பதைக் கண்டு, 15ஐ 3 ஆகக் குறைத்தார். ஃபெட்ச் வெற்றி, எஃப்.எஸ்.சி.கே. தேர்ச்சி, பதிவேடு சரி. ஆனாலும் சோதனை தோற்றது. சேவையகத்தில் ஏதோ உடைந்துவிட்டது என்று அவர் அரைநாள் தேடியிருக்கிறார். இருவரும் தடக்கோப்பைத் திறந்தோம். ஹேவ் வரிகளை எண்ணினோம், பத்தைக்கூட எட்டவில்லை. அவற்றின் அடியில், அதே வேண்டுகோளில், டன். உரையாடல் இரண்டாம் சுற்றுக்குப் போகவே இல்லை.

அவர் 15ஐ மீண்டும் இட்டு, அதற்கு மேல் ஒரு குறிப்பு வரியும் சேர்த்தார்: ஹேவ் வரிகள் மொத்தம் 16ஐத் தாண்டவேண்டும், குறைக்கவேண்டாம்.